வசதியான குடும்பம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, எட்டு மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, நான், அப்புறம் ரேஷன் கார்டு விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர். இல்லாதவர் அப்பா ஒருவர்தான். அவர் இல்லாதபடி பார்த்துக்கொண்டவன் நான். (இதை எழுதிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன். இறங்கவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டு மலையில், கொட்டச்சேடு ஊருக்கு மேலே, காப்பி எஸ்டேட் வேலி முடிகிற இடத்தில் எங்கள் வீடு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத் திரும்பிய முதல் ஆள் நான். பத்தாவது பாஸ். ஊருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு வானத்தைப் பார்ப்பேன். படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

சாமையும் கேழ்வரகும்தான் எங்கள் சாப்பாடு. அரிசிச் சோறு நோம்பி, பண்டிகைக்கு மட்டும். அந்த வருஷம் சாமையும் விளையவில்லை. எஸ்டேட் வேலை வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. "புள்ள பெத்து எந்திரிக்கறவளுக்குக் களியக் கிண்டிக் குடுக்கறதா சாமி? அவளுக்காச்சும் சோறு வேணும்" என்றாள் அம்மா. சோறு என்றால் ரேஷன் அரிசி. அரிசி என்றால் கார்டு. கார்டு என்றால் மனு. மனு என்றால் நான்.

நான்கு பக்கம் எழுதினேன். (அரைப் பக்கம் போதும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மிச்சம் மூன்றரைப் பக்கத்தில் மலையின் இயற்கை அழகு இருந்தது.) பதினைந்து நாளில் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து குடும்ப நிலைமையை விசாரிப்பார்.

சர்க்கார் ஆள் ஒருவர் எங்கள் வாசலுக்கு வருவது அதுவே முதல் தடவை. "விசாரிப்பார்" என்பது யார் மனதிலும் தங்கவில்லை. "வருவார்" என்பது மட்டும் தங்கியது. வருகிறவர் விருந்தாளி. விருந்தாளியைத் தரையில் உட்கார வைக்க முடியுமா? அம்மா வீட்டை இரண்டு தடவை மெழுகினாள். நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளையும் ஒரு ரேடியோவையும் இரவல் வாங்கித் தலையில் சுமந்து வந்தேன். ரைட்டர் சம்சாரம் கேட்காமலே ஆறு எவர்சில்வர் தட்டும் ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பும் கொடுத்தார். (எங்களிடம் மேசை இல்லை. விரிப்பை அடுக்கி வைத்த விறகின் மேல் போட்டோம். அழகாகத்தான் இருந்தது.)

எல்லாம் பொருந்தியது, அப்பாவைத் தவிர. அவருடைய சட்டையில் தோள்பட்டையே கிடையாது. நகக்கண்ணில் எஸ்டேட் மண் நிரந்தரக் குடியிருப்பு. முதல் நாள் சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, நாளைக்கு எங்கியாச்சும் போறீங்களா?"

"இல்ல கண்ணு. ஆபீசர் வர்றாரல்ல?"

"அதுக்குத்தாங்க. படிச்சவங்ககிட்டப் பேசறது வேற மாதிரிங்க. நான் பேசிக்குவனுங்க."

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "செரி, நீ பேசு. நான் வெறகுக்குப் போறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மலையைக் காணோம். பனிமூட்டம் வாசல் வழியாக உள்ளே வந்து, யாரும் அழைக்காமலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ரேடியோவில் நாதஸ்வரம். எங்கோ கீழே ஒரு பஸ் வளைவில் முனகியது. அந்தச் சத்தமும் பஞ்சில் சுற்றி வந்தது போல இருந்தது. மண் சுவர் தெரியவில்லை, ஓட்டைக் கூரை தெரியவில்லை. பூப்போட்ட விரிப்பு மட்டும் வெண்மைக்குள் மிதந்தது. இது நம் வீடுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி இன்ஸ்பெக்டர் ஆனது. முதலில் குடை, பிறகு கண்ணாடி, கடைசியாகத் தோல்பை.

"ஏனுங்க தம்பி, மனுப் போட்ட ஊடு இதுங்களா?"

நல்ல மனிதர். நாலு மைல் நனைந்துகொண்டு நடந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்தார், எங்கள் ஒரே சேவலைக் குழம்பாகச் சாப்பிட்டார், "இப்படிச் சாப்புட்டு நொம்ப நாளாச்சுங்கம்மா" என்று கண்ணை மூடினார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்தது. அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.

"ரேடியோ உங்களுதுங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் சாமானை விருந்தாளி முன்னால் இரவல் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்தவர்களுக்கு அவமானம். என் தலை தானாக ஆடியது.

"நாற்காலி, தட்டெல்லாம்?"

"எல்லாம் நம்மளுதுதானுங்க, கூச்சப்படாம நல்லா உக்காருங்க" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாள். தாகமாக இருக்கும் போல என்று சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முறைத்த முறைப்பில் தண்ணீர் சூடாகியிருக்கும்.

"அப்பா எங்கீங்க தம்பி?"

"வெளியூர் போயிருக்காருங்க." (விறகு வெட்டும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.)

போகும்போது இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊட்ட நொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. பாத்ததுல சந்தோசங்க" என்றார். என் கையை யாரும் அதுவரை குலுக்கியதில்லை. அடுத்த ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்த பத்தாம் நாள் கார்டு வந்தது. சர்க்கரை உண்டு, மண்ணெண்ணெய் உண்டு. அரிசிக் கட்டத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கூட வந்த தாளில், அழகான கையெழுத்தில், "வசதியான குடும்பம்."

"அரிசி எத்தன கிலோ போட்டிருக்குது சாமி?" அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். குழந்தையை மடியில் திருப்பிப் போட்டு, "கேட்டியாடா கண்ணு? உங்க மாமன் உன்னியப் பணக்கார ஊட்டுல பொறக்க வெச்சுட்டான்" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினாள். அன்று இரவும் அவளுக்குக் களிதான். மறுநாள் அப்பா கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தார். எதை விற்று வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் மனு. இரண்டு தடவை நான் தனியாகப் போய், இயற்கை அழகில்லாத மனுக்களைக் கொடுத்துத் தோற்றுத் திரும்பினேன். அதற்கப்புறம் அப்பாவே கிளம்பினார். ஏற்காட்டு ஆபீஸில் அவரும் நானும் மூன்று நாள் வராந்தாவில் நின்றோம். மூன்றாம் நாள் அதே இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"இவரு யாருங்க தம்பி?"

"எங்கப்பாங்க."

அவர் அப்பாவின் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கே இவர இருக்கச் சொல்லியிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்குமே தம்பி" என்றார். நான் நீட்டிய மனுவைப் பிரிக்காமலே எழுத உட்கார்ந்தார்.

அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றபோது சத்தமாக, "ஏங்கண்ணு, நான் இருக்கட்டுமா, வெறகுக்குப் போகட்டுமா?" என்றார். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது பேண்ட் போட்டு வந்தால், என் பிள்ளைகள்கூட இதைத்தான் கேட்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

சிவப்புக் கோடு போகும்வரை ஏழு மாதம் கடையில் வாங்கிய அரிசி, வராந்தாவில் நின்ற அந்த மூன்று நாள் அப்பாவின் கூலி, பஸ் சார்ஜ், மனுவுக்கு ஒட்டிய ஸ்டாம்பு. அப்பாவை மறைத்து வைக்க எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, முந்நூற்றுப் பதினேழு ரூபாய்.