துள்ளும் பொம்மையும் ஐரீனின் பச்சைச் சேலையும்

இராயபுரம்,
வியாழக்கிழமை, 1971.

மரியாதைக்குரிய மச்சான் இன்னாசி அவர்களுக்கு, சவரிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சுவர்ப் பல்லியும் சுகம். அங்கே எண்ணூரில் நீங்களும், உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கை, அதாவது என் மனைவி ஐரீனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே அவளை பஸ் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் வளையம் எறிவதுதான் விளையாட்டு. ஹார்பர் பட்டறையில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டராக இருப்பவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? தண்டையார்பேட்டைத் தச்சர் கலீலுல்லாவிடம் மேசை நீளத்துக்கு ஒரு பெட்டி அடித்து வாங்கினேன். இரண்டு முனையிலும் உருளை. கைப்பிடியைச் சுற்றினால் நீளத் துணி ஒன்று ஓடும். அதில் மலை, மரம், படிக்கட்டு, பள்ளம் எல்லாம் என் கையாலேயே தைத்தவை. முன்னால் கம்பியில் ஒரு கம்பளிப் பொம்மை. கீழே உள்ள கட்டையைக் காலால் மிதித்தால் பொம்மை துள்ளும். படி ஏற வேண்டும், பள்ளம் தாண்ட வேண்டும். இடித்தால் சைக்கிள் மணி அடிக்கும், முதலிலிருந்து ஆட வேண்டும். படிக்குத் தீப்பெட்டி கிடைத்தது, மேகத்துக்குத் தலையணைப் பஞ்சு கிடைத்தது, கடலுக்குத்தான் துணி அகப்படவில்லை. என் வேட்டியை வைத்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அப்போது டிரங்குப் பெட்டியில் ஒரு பச்சைச் சேலை கண்ணில் பட்டது. அது கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது என்பது, மச்சான், வெட்டித் தைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் உங்கள் தேர்வே தேர்வு. எண்ணூர்க் கடல்கூட அவ்வளவு பச்சை இல்லை.

திருவிழாவன்று வரிசை தெருமுனை வரை நின்றது. பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை மிதித்தார்; ஐந்து தடவையும் அதே பள்ளம். ஆறாவது தடவை அவர் காலைத் தூக்கியபோது ஐரீன் வந்தாள். தேர்ப் பவனிக்குக் கட்ட அதே சேலையைக் காலையிலிருந்து தேடிக் களைத்தவள்.

"இன்னாய்யா இது? எங்கண்ணன் எடுத்துக் குடுத்த பொடவ மேல பொம்ம குதிச்சிகினு கீது!"

"கோச்சிக்காத ஐரீனு. ஊரே ஒன் பொடவயத்தான் பாக்குது."

சமாதானமாகத்தான் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டார், அதுதான் கெடுத்தது. மறுநாள் காலை அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று நாளாக நானே கஞ்சி வைக்கிறேன். பசையாகத்தான் வருகிறது, அதைக்கொண்டு பிய்ந்த மேகங்களை ஒட்டிவிட்டேன், வீணாக்கவில்லை. நேற்று தனியாக ஆடிப் பார்த்தேன். ஒருவர் சுற்ற, ஒருவர் மிதிக்க வேண்டிய ஆட்டம், மச்சான். தனி ஆளுக்கு அது ஓடவில்லை. ஐரீன் ஒரே ஒரு தடவை மிதித்தால் போதும், சிரித்துவிடுவாள். அனுப்பிவையுங்கள்.

உங்கள் வீட்டுக்கார அம்மா ஞானம் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். மாதா உங்கள் எல்லோருக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தப்பு ஒன்றும் செய்யாத
சவரிநாதன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தபாலில் போடச் செருப்பை மாட்டும்போது ஐரீனே வாசலில் வந்து நின்றாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "சுத்து" என்றாள். சுற்றினேன். சாமியார் விழுந்த பள்ளம், நான் இடித்த மலை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரை போய்விட்டாள். அக்கம்பக்கமே கைதட்டியது. நான் சொன்னபடியே சிரித்தாள். பிறகு, "ஆட்டம் ஷோக்காத்தான் கீது. சுத்தறதுக்குப் பக்கத்து வூட்டு கெங்கம்மா வருது. நீ போயி கொஞ்ச நாளு எங்கண்ணன் வூட்ல இரு" என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். என்னை எப்போது திருப்பி அனுப்பலாம் என்று அவளே உங்களுக்கு எழுதுவாளாம்.