கரை அட்மிரல்

கரையில் இருந்தபடியே கடற்படையை நடத்தும் கரை அட்மிரல் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரில் கடலே இல்லாவிட்டாலும் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் எங்கள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அவருக்கு ஃபோக்கன் என்று பெயர். சிக்கரித் தூள் வியாபாரி. அவர் வாழ்நாளில் செய்த ஒரே கடல் பயணம், எதிர்க்கரைக்குப் போகும் படகில்தான். அதிலும் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

ஆனால் ஃபென்னா அம்மாளின் பீர்க்கடையில் சன்னலோர மேசையில் உட்கார்ந்துவிட்டால், உப்புச் சீசாவை நம் கப்பலாக்கி, கடுகுக் கிண்ணத்தை ஆங்கிலேயன் கப்பலாக்கி, பக்கத்து மேசைக்காரன் வாய்வரை கொண்டுபோன உருளைக்கிழங்கைக்கூட 'இதுதான் டென்மார்க்' என்று பிடுங்கி நடுவில் வைத்து, சூப் ஆறுவதற்குள் எதிரியை மூழ்கடித்துவிடுவார். உருளைக்கிழங்கு திரும்பி வராது.

நான் கொதிகலனுக்குக் கரி தள்ளியவன். ஜெர்மனி முதன்முதலில் கட்டிய டிரெட்நாட் என்ற ராட்சதப் போர்க்கப்பல்களில் ஒன்று எங்களுடையது. ஆறு பீரங்கிக் கூண்டுகள். அவற்றில் நான்கு பக்கத்துக்கு இரண்டாக நின்றதால், வலப்பக்கம் சண்டை நடந்தால் இடப்பக்கத்தார் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அலை வாகாக வந்துவிட்டாலோ கப்பல் கல்யாண வீட்டில் குடித்தவன் மாதிரி ஆடும். அது குறையில்லை, எதிரியின் குறி தப்புவதற்கென்றே செய்த ஏற்பாடு என்று எனக்கு விளக்கியவர் ஃபோக்கன்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் ஆங்கிலேயரோடு நடந்த ஸ்காகெராக் கடற்சண்டை முடிந்து, கண்ணிமையெல்லாம் கரியோடு திரும்பி வந்தோம். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்கே அவர்தான் சொன்னார். நான் குறுக்கே வாய் திறந்தேன்.

"நீ கீழே கொதிகலன்கிட்ட இருந்தே தம்பி. உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் மொத்தத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தேன்."



அந்தச் சண்டைக்குப் பின் கப்பல்கள் பெரும்பாலும் நங்கூரத்திலேயே கிடந்தன. ஊரில் பஞ்சம். டர்னிப் கிழங்கு ரொட்டி, டர்னிப் ஜாம், டர்னிப் காப்பி. எங்கள் வயிறு ஒட்ட ஒட்ட அவருடைய போர்த்திட்டங்கள் மட்டும் கொழுத்துக்கொண்டே போயின.

பதினெட்டாம் ஆண்டு அக்டோபரில், சமாதானப் பேச்சு நடக்கும்போதே, கப்பற்படை முழுவதும் கடைசியாக ஒருமுறை மோதப் போகிறது என்று வதந்தி பரவியது. ஃபென்னா அம்மாளின் மகன் ஹின்ரிக் எனக்குப் பக்கத்தில் நின்று கரி தள்ளுகிறவன். அது நிஜமா என்று அவள் என்னைக் கேட்டாள். நான் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகத்தான் வேணும்," என்றார் ஃபோக்கன். "ஒருத்தன்கூடத் திரும்பி வராட்டியும் பரவாயில்லை. மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஃபென்னா அம்மாள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஐயா, கொதிகலன்கிட்ட ஆள் பத்தலையாம். என் பையனுக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்களேன். அதுவரைக்கும் அவன் உங்க சிக்கரிய அரைச்சு வைப்பான்."

அட்மிரல் யோசித்தார். முழங்காலைத் தடவினார். அது ரொம்ப நாளாகவே மடங்குவதில்லை என்றார்.

"மடக்க வேண்டாங்கய்யா. கப்பலே எல்லாத்தையும் மடக்கிடும்."

சிரிப்பில் கடையே குலுங்கியது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார், பாதிப் பீரை விட்டுவிட்டு. அந்தப் பஞ்சகாலத்தில் பீரை விட்டுப் போவது சாதாரணத் தோல்வியா?

நாங்களும் கப்பலுக்குத் திரும்பினோம். நீராவி ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஹின்ரிக் நீண்ட கரண்டியை விட்டு, எரிகிற கரியை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தான். நான் தண்ணீரை ஊற்றினேன். இதற்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டு என்பது இருவருக்கும் தெரியும். வாளியில் பாதி என் காலிலேயே கொட்டியது. மற்றக் கப்பல்களிலும் இதே கதை. படை கிளம்பவில்லை.

சில நாளில் மாலுமிகளின் கலகம் புரட்சியாகி, ஊரெங்கும் செங்கொடி. ஹின்ரிக் வீட்டுக்கு வந்து பூட்ஸோடு படுத்தவன், மறுநாள் சாயங்காலம்வரை எழவில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று ஃபென்னா அம்மாள் அடிக்கொருதரம் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஃபோக்கன் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"போகக் கூடாதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்றுக் காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, 'இனி என்ன பேச்சு, படையை அனுப்ப வேண்டியதுதான்' என்று ஒருவர் சொன்னாராமே, உங்கள் வீட்டில்? யார் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள்.