கிழட்டு டிராகனும் கடைவாய்ப் பல்லும்

செருப்புக்கடைக்காரர் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளுவதற்கும், மனைவி அறைக்குள் நுழைவதற்கும் சரியாக இருந்தது. புத்தகம் மறைந்துவிட்டது. கண்ணீரை எங்கே மறைப்பது?

“என்னங்க, அழறீங்களா?”

“தூசி.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

கடையில் “உங்க காலுக்குன்னே தச்சது சார்” என்று கூசாமல் அளக்கிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் ஒரு பொய்கூட அளவுக்குப் பொருந்தாது.

விஷயம் இதுதான். அந்தத் தடித்த மாயலோகக் கதையைத் தினம் ஓர் அத்தியாயமாக இருவரும் மாற்றி மாற்றி வாசித்துக்காட்டுவது வழக்கம். “என்னை விட்டுட்டு ஒரு பக்கம் புரட்டினீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் உங்ககூட உக்காந்து படிக்க மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பகலெல்லாம் ஊரார் காலைப் பிடிக்கிறவருக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் அந்த நேரம்தான்.

ஆனாலும் இன்று கை அரித்தது. புரட்டிவிட்டார். தன்னைக் காலமெல்லாம் வேட்டையாடிய ஊரின் பிள்ளைகளை இறக்கைக்குள் மூடிக்கொண்டு, கிழட்டு டிராகன் தான் மட்டும் எரிந்து செத்தது. பாவி மனுஷனுக்குத் தாங்கவில்லை.

மனைவி சொட்டு மருந்து விட்டாள். அந்த எரிச்சலில் கண் இன்னும் கொட்டியது.

“தூசி இல்லடி. பல்லு வலி!”

“பல்லா?” அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். “எந்தப் பல்லு?”

விரல் போன இடத்தில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. அதைக் காட்டினார்.

“இந்த பிஸ்கட்டைக் கடிங்க, பாப்போம்.”

கடித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அலறினார். கொஞ்சம் தாராளமாகவே அலறிவிட்டார்.

“கிளம்புங்க. போன வாரம் எனக்குப் புடுங்கின டாக்டரம்மாகிட்டயே போயிடலாம்.”

பல் ஆஸ்பத்திரியில் அவள் வெளியே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

“கல்லு மாதிரி இருக்கே சார். நெஜமாவே வலிக்குதா?”

“உயிர் போகுது.”

“அப்ப எடுத்துட வேண்டியதுதான்.”

ஊசியைக் கண்டதும் செருப்புக்கடைக்காரரின் வீரம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவிட்டது.

“டாக்டரம்மா, வலியே இல்ல! கதையில டிராகன் செத்துப்போச்சு. அவளுக்குத் தெரியாம முன்னாடியே படிச்சு அழுதுட்டேன். சொல்லிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்!”

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துப் பெருமூச்சு விட்டார்.

“நீங்க பரவாயில்ல சார். உங்க வீட்டம்மா, பல்லைப் புடுங்கின அப்புறம்தான் டிராகன் விஷயத்தையே சொன்னாங்க.”