ஆம்ஸ்டர்டாம் கடிதத்துக்குக் குங்குமப் பொட்டு

"அடிப்பாவி! இதுக்கு எதுக்குடி பொட்டு வெச்சே?"

சண்முகசுந்தரம் போட்ட கூச்சல் சேக்காடு முழுக்கக் கேட்டிருக்கும். ஆம்ஸ்டர்டாம் புத்தக வியாபாரி ஒருவர் 1786-இல் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், நட்டநடுவில் குங்குமம்.

"நேத்து ஆயுத பூஜையாச்சே! அவனவன் ஸ்பேனருக்கு வெக்கிறான். உங்களுக்கு ஆயுதமே இந்தக் காயிதம்தானே?" என்றாள் அவர் மனைவி சரசா.

ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த மனுஷர்தான். ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் சேர்த்ததெல்லாம் ஐரோப்பியப் புத்தகக் கடைக்காரர்களின் பழைய விலைப்பட்டியல்களும் கடிதங்களும். எவனோ ஒரு டச்சுக்காரன் 'புத்தக மூட்டை இன்னும் வந்து சேரவில்லை' என்று பாரிஸுக்குப் புலம்பியதை இவர் பீரோவில் பூட்டி வைத்து, மாதாமாதம் ஒண்ணாந்தேதி மட்டும் எடுத்துப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

இப்போதுதான் விடிவுகாலம். ஹாலந்து அருங்காட்சியகத்து அம்மா ஒருவர் நாளைக் காலை வருகிறார். கடிதம் அசல்தான் என்று தெரிந்தால் கண்காட்சியில் வைப்பார்கள், கீழே இவர் பெயரோடு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்குமே வராத பெயர்!

"இப்படிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்," என்று சரசா கையை நீட்டினாள்.

"நீ பார்த்த லட்சணம் போதும்!"

ஈரத்துணியால் ஒத்தி எடுத்தார். குங்குமம் கையெழுத்து வரைக்கும் பரவியது. லேசாகச் சோப்பு நுரை தொட்டார். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. இருநூற்றுச் சொச்சம் வருஷம் தாங்கிய மை கரைந்து ஓடியது. காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பொசுங்கிய வாசனை வந்தது.

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!"

தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வேலையில் விரல் நசுங்கியபோதுகூட அழாத மனுஷர் இப்போது விசும்பி விசும்பி அழுதார்.

"சொன்னாக் கேளுங்க. குடுங்க, அரை மணி நேரத்துல வந்துடறேன்."

"எங்கே, குப்பைத்தொட்டிக்கா?"

கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அவரே ஓடினார். எழுத்தையாவது மீட்க முடியுமா என்று கடைக்காரன் தேவாவைக் கேட்டார்.

தேவா உறையை ஒரு பார்வை பார்த்தான். பதறவே இல்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, மேஜையிலிருந்து பழுப்புத் தாள் ஒன்றை உருவினான்.

"இன்னா அண்ணாத்தே, இந்த வாட்டி நீயே வந்துகீறே? வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மறுநாளு அக்காதானே வந்து புதுசா பிரிண்ட் எடுத்துகினு போவும்?"