முன்னால் செல்வது அபாயகரமான வாகனம்

சிதம்பரம்

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை ஸ்ரீதர் அவர்களுக்கு மாமனார் ஞானசேகரன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை மாலதியும் நலம். கடலூரில் நீங்களும், கயல்விழியும், அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நலமாயிருக்க நடராஜரை வேண்டுகிறேன். போனில் பேசாததற்குக் காரணம், அந்தப் பெட்டி அதையும் ஒட்டுக்கேட்டு உங்களிடமே போட்டுக்கொடுக்கும்.

என் காரில் நீங்கள் மாட்டிய பெட்டியைத்தான் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், எவன் தாறுமாறாக ஓட்டினாலும் மற்ற வண்டிகளுக்குத் தெரிந்துவிடும் என்றீர்கள். நம்பி வெள்ளிக்கிழமை கடலூருக்குக் கிளம்பினேன். முட்லூர் தாண்டியதும் ஒரு அதிசயம், பின்னால் வந்த எந்தக் காரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவில்லை, எட்டியே பணிவாக வந்தன. திட்டக்குடியில் தாசில்தாராக இருந்தவனை ஜனங்கள் மறக்கவில்லை என்று நெஞ்சு நிறைந்துபோய், "பாத்தியா மாலதி, மரியாதைன்னா இதான்" என்றேன். அவள் கண்ணை இறுக மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினால், பின்னால் வந்த ஒருவர் இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், அந்த வெள்ள வண்டி உங்களுதா?"

"ஆமா. என்னைத் தெரியுதா?"

"தெரியாம? முட்லூர்லேர்ந்து என் வண்டி உங்களப் பத்தியேதான் பேசிக்கினு வருது. 'முன்னால் செல்வது அபாயகரமான வாகனம், விலகி வரவும்'னு. நீங்க கெளம்புங்க சார், நாங்க அப்புறமா வரோம்."

"இத நான் முப்பது வருஷமா சொல்றேன், பொட்டி இல்லாமயே" என்றாள் மாலதி.

அவமானம் அதோடு நிற்கவில்லை. விஷயம் உங்கள் போனுக்கும் வந்து, வளைகாப்பு முடிந்து கயல்விழியை அழைத்துவர வாடகைக் கார் போதும், மாமா ஓட்ட வேண்டாம் என்று அத்தையிடம் சொன்னீர்களாம். பிறந்த குழந்தையாக அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்தவனே நான்தான் மாப்பிள்ளை! முட்லூர்ல ஆடு குறுக்கே வந்தா பிரேக் அடிக்காம கொஞ்சவா முடியும்? பெட்டியைக் கழற்ற உடனே ஆள் அனுப்பவும். இல்லையேல் வளைகாப்புக்கு நான் வரப்போவதில்லை.

கோபம் குறையாத, ஆனாலும் உங்கள் குடும்பம் தழைக்க வாழ்த்தும்,
மாமா ஞானசேகரன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போகும்போது, புறவழிச்சாலை வளைவில் பெட்டி "எதிரே தவறான திசையில் வாகனம்" என்று அலறியது. சாலையில் ஒன்றையும் காணோம். இருந்தும் பயந்து ஓரங்கட்டினேன். மறுநொடி ஒரு கரும்பு லாரி எங்களை உரசாத குறையாகப் பாய்ந்து போயிற்று. பெட்டி இருக்கட்டும். வாடகைக் காரே வரட்டும், அதிலும் இந்தப் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்து அமர்த்தவும். வளைகாப்புக்கு பஸ்ஸில் வருகிறேன். கூட இருந்த உங்கள் அத்தை வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் மாப்பிள்ளை, லாரியைவிட பயமா இருக்கு.