கோட்டுப் பையில் ஒரு ஹார்ன்

மும்பையில் அரசாங்கத்தை முழுதாக நம்பிய ஒரே மனிதர் ஹார்ன் அண்ணாச்சிதான். அவர் நம்பியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அரசாங்கமும் திருப்பி அவரை நம்பிவிட்டது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தாராவியிலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவந்து எங்கள் மாட்டுங்கா தெருவில் விற்றவர். ரப்பர் குமிழ் வைத்த ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், எல்லா மாடிகளிலிருந்தும் பாத்திரங்கள் இறங்கி வரும். மும்பையில் எந்தத் தெருவிலும் அந்தச் சத்தம் கேட்டால் இட்லி வந்துவிட்டது என்று அர்த்தம். சைக்கிளைத் தெருவில் விட்டுவிட்டுப் போவார், ஹார்னை விடமாட்டார். கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். உலகத்தில் திருடர்கள் எல்லோரும் அந்த ஹார்னுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. பணம் அனுப்பினால் போனில் ஒரு பெயர் வரும். அது மச்சான் பெயராம்.

இட்லி அவருக்கு உபதொழில். முக்கியத் தொழில் கண்டுபிடிப்பு. சட்னியைக் கரண்டியால் ஊற்றுவது காட்டுமிராண்டித்தனம் என்று ஒருநாள் முடிவு செய்து, மருந்துக் கடையில் குளுகோஸ் ஏற்றும் குழாய் வாங்கிச் சட்னி வாளியில் பொருத்தினார். கடுகு போய்க் குழாயை அடைத்தது. அவர் வாளி மூடியை ஓங்கி அமுக்க, எங்கள் கட்டடச் செயலாளரின் வெள்ளைச் சட்டையில் தேங்காய்ச் சட்னி கோலம் போட்டது. செயலாளர் கத்திக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி நிதானமாக என்னிடம் திரும்பி, "பிரஷர் ஜாஸ்தி ஆயிட்டு சார். மத்தபடி ஐடியா பாஸ்" என்றார்.

மாநில அரசு சயானிலோ செம்பூரிலோ தொழில் முகாம் நடத்தினால் முதல் வரிசையில் இருப்பார். முகாமில் கொடுக்கும் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் இட்லி விற்பார். ஒருமுறை மீன் வளர்ப்புத் தொப்பி. இட்லிக்காரருக்கு மீன் எதற்கு என்று கேட்டேன். "கெவர்மெண்ட் கூப்பிடுது சார். போவாம இருந்தா மரியாத இல்லைலா" என்றார்.

அப்படிப் போன ஒரு முகாமிலிருந்துதான் அந்தத் திட்டத்தைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தார். சிறுதொழிலில் புதிதாக எதையாவது செய்கிறவர்களுக்கு மானியம், அரசுப் பட்டறையில் இடம், வழிகாட்ட ஒரு இன்ஜினியர். எங்கள் பகுதிக்கு ஒரே ஒருவர்தான் தேர்வாவார். அண்ணாச்சியிடம் இட்லி வைக்கும் சூட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. பழைய ஃபிரிட்ஜ் தகடும் தெர்மோகோலும் வைத்துச் செய்தது. மூடி கூரைபோலச் சரிந்திருக்கும். நீராவி வேர்த்து இட்லி மேல் சொட்டாமல் ஓரமாக வழிந்துவிடும். மத்தியானம் வரை இட்லி சூடாக இருக்கும், நசநசக்காது.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. ஓய்வு பெற்றபின் பாட்டிலில் டிகாக்‌ஷன் விற்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். திட்டத்தை எனக்குச் சொன்னவர் அவர். அவருக்குச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டவன் நான்.

நேர்காணலுக்கு முன்னால் என்னிடம் யோசனை கேட்டார். சைக்கிளோடும் பெட்டியோடும் அவர் அங்கே போய் நின்றால் என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். "சர்க்கார் ஆபீஸ் அண்ணாச்சி. சைக்கிள், பெட்டி எல்லாம் கொண்டுபோனா மதிக்க மாட்டா. கோட்டு போட்டுண்டு போங்கோ. போட்டோ காட்டினா போறும்" என்றேன். அக்கறையைக் காட்ட, என் கல்யாணத்துக் கம்பளிக் கோட்டையே எடுத்துக் கொடுத்தேன். மே மாதம்.

அன்று அலுவலக வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டார். "சாரும் வந்திருக்கீயளா?" என்றார். அவருக்குத் துணையாக வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். "சொல்லியிருந்தா ஒரே டாக்ஸில வந்திருக்கலாம்லா" என்றார், அவ்வளவுதான்.

நான் லேப்டாப்பில் படம் படமாகக் காட்டினேன். என் வரைபடத்தில் விற்பனைக்கோடு மலையேறிக்கொண்டே போயிற்று. தேர்வுக் குழுத்தலைவி அம்மாள், இதுவரை எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். என் மனைவி என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே என் நேரம் முடிந்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்து அண்ணாச்சி. கோட்டுக்குள் அவரே ஒரு இட்லிபோல வெந்துகொண்டிருந்தார். போட்டோ மங்கல். மராத்தியும் இந்தியும் திருநெல்வேலியும் கலந்து அவர் பெட்டியை விளக்கியது யாருக்கும் எட்டவில்லை. குழுத்தலைவி பேனாவை மூடினார். எனக்கு உள்ளே தீபாவளி. கடைசியாக, போனால் போகிறது என்பதுபோல, "மார்க்கெட் கிதர் ஹை?", வாங்க ஆள் எங்கே என்று கேட்டார்.

அண்ணாச்சி கோட்டுப் பையிலிருந்து ஹார்னை எடுத்தார். ஜன்னலருகே போய் ஒரே அமுக்கு.

முதலில் பியூன் எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பிரிவு குமாஸ்தாக்கள் டிபன் டப்பா மூடிகளோடு வந்தார்கள். எதிர்க் கட்டடத்து பால்கனியில் ஒரு மராத்திக் கிழவி பாத்திரத்தை ஆட்டி, "ஓ அண்ணா, தோன் பிளேட்" என்று இரண்டு பிளேட்டுக்குக் குரல் கொடுத்தாள். குழுத்தலைவியே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இட்லி இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் திட்ட ஆரம்பித்தது. திட்டியவர்களை அண்ணாச்சி பெருமையாகக் காட்டி, "டிமாண்ட், மேடம்" என்றார்.

இடம் அவருக்குத்தான். இட்லி கொடுத்துக் குழுவை மயக்கிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். அன்று அவரிடம் ஒரு இட்லிகூட இல்லை என்பதைப் பார்த்தவன் நான். ஆனாலும் சொன்னேன். அரசுப் பட்டறை இன்ஜினியர் பெட்டியின் எடையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். இப்போது ஆண்டாப் ஹில்லில் அண்ணாச்சிக்கு ஒரு ஷெட் இருக்கிறது. தாராவி இட்லி சைக்கிள்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் பெட்டி. திலக் நகர் கேட்டரிங்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு செய்தி வந்தபோதும் எனக்கு ஒருவேளைச் சாப்பாடு இறங்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் ஷெட்டுக்கே போனேன். "அன்னிக்கு வண்டி வேண்டாம்னு நான் வேணும்னேதான் சொன்னேன், அண்ணாச்சி. நீங்க தோக்கணும்னு" என்றேன்.

அவர் திருகாணியை முடுக்கியபடியே சொன்னார். "அது கெடக்கு சார். முந்துன நாளே கேட் வாச்மேன்ட்ட கேட்டேன். வண்டி, பெட்டி எது கொண்டாந்தாலும் உள்ள விடமாட்டேன்னுட்டான். நீங்க நெஞ்சுல என்ன நெனச்சு சொன்னாலும் சொன்னது சரிதான?" பிறகு மூலையில் ஹாங்கரில் தொங்கிய கோட்டைக் காட்டினார். "துவைக்கக் குடுத்து வாங்கி வச்சிருக்கேன். டீ குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

நான் செய்த துரோகம்கூட உருப்படியான துரோகமாக இல்லை. டீயைக் குடித்துவிட்டுக் கோட்டோடு திரும்பி வந்தேன்.

இப்போது எங்கள் தெருவுக்கு வேறொருவர் வருகிறார். அண்ணாச்சி செய்த பெட்டிதான்; இட்லி முன்பைவிடச் சூடு. காலையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னும் அந்த மனுஷன் மேல பொறாமையா?" என்று மனைவி கேட்கிறாள். அதில்லை. அவர் ஜெயித்தது எனக்குப் பழகிவிட்டது. வராததுதான் இன்னும் பழகவில்லை.