விதி நான்கு: படம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ‘பூட்டும் சாவியும்’ இணையக் குழுவில் இருந்தவர்கள்: துரு, பழைய பூட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறவர், வாயும் அதே ரகம். கொண்டி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எண்ணெய்ப்புட்டி, எந்தக் கேள்விக்கும் ‘ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க’ என்று பதில் போடுகிறவர். வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்க்கும் முந்நூற்றுச் சொச்சம் பேர். ஐந்து நிமிடத்துக்கு முன் சேர்ந்த ஒரு புதியவர். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘அஅஅ’ என்று மட்டும் தட்டியிருந்தார். கடைசியாக, குழுவின் நிர்வாகி.

நிர்வாகி வயிற்றுப் பாட்டுக்கு எக்ஸ்ரே எடுப்பவர். அந்த நேரத்தில் ஒரு பெரியவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பலகையோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்திருந்தார்.

“மூச்ச நல்லா இழுங்க ஐயா. அப்படியே பிடிங்க.”

பெரியவர் பிடித்தார். எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னால் போனார். பொத்தானை அழுத்த வேண்டிய கை போனை எடுத்தது.

துரு எழுதியிருந்தார்: “மூணு மணி வரைக்கும் டைம் தர்றேன். பிடிச்சு வெச்சிருக்கற பதிவையெல்லாம் வெளிய விடலைன்னா, ஆளுங்களக் கூட்டிக்கிட்டு நான் தனிக்குழு ஆரம்பிச்சுருவேன். அப்புறம் நீங்களும் எண்ணெய்ப்புட்டியும் உக்காந்து பூட்டு தொடைங்க.”

எக்ஸ்ரேக்காரருக்குக் காது சூடானது. ஒன்பது வருடம். சாவித் துளையைப் பார்த்தே பூட்டின் வயதைச் சொல்லும் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சேர்த்த குழு. பதினான்கு விதிகள், பதினான்கையும் அவரே எழுதினார். உலகத்தில் எல்லா இடத்திலும் சண்டை போடுகிறார்கள், ஒரே ஒரு இடத்திலாவது பூட்டைப் பற்றி மட்டும் பேசுவோம் என்பதுதான் அவர் கேட்ட ஒரே தயவு.

“தம்பி, மூச்ச விட்டுக்கலாமா?” என்றார் பெரியவர், பாதி மூச்சில்.

“பேசாதீங்க ஐயா. படம் ஆடிரும்.”

எல்லாம் போன வாரம் ஆரம்பித்தது. வேறொரு ஊரில் எவனோ ஒருவன் சினிமா தியேட்டருக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஏழு பேரைக் கொன்றுவிட்டான். அன்று கொண்டி எழுதினார்: “மனசே சரியில்ல. இன்னிக்குப் பூட்டப் பத்திப் பேசத் தோணல.” அதோடு விட்டிருக்கலாம். கீழேயே துரு போட்டார்: “படம் பாத்துக்கிட்டிருந்தவங்கள்ல நாலு பேர்ட்ட துப்பாக்கி இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” அதற்குக் கொண்டி, “ஏழுக்குப் பதிலா இருபத்தேழு ஆயிருக்கும், கூட்டிப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். எண்ணெய்ப்புட்டி சமாதானம் செய்யப் போய், “எல்லாருமே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்குங்க” என்று எழுதி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் அந்த உரையாடலை நீக்கினார். அது மற்ற உரையாடல்களுக்குள் புகுந்தது. பித்தளைக்குப் பாலிஷ் போடுவது எப்படி என்று ஒருவர் கேட்டால், மூன்றாவது பதிலில் சட்டம், ஏழாவது பதிலில் ‘உன் பிள்ளை செத்தால் தெரியும்’.

சரி, தனி அறை தருகிறேன், அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள் என்று ‘நடப்புச் செய்தி’ என ஒன்றைத் திறந்துவிட்டார். முழுக் குழுவும் அங்கே குடிபோய்விட்டது. பழைய அறையில் எண்ணெய்ப்புட்டி மட்டும் தனியாக உட்கார்ந்து தன் கேள்விக்குத் தானே பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

தனி அறையை மூடினார். மறுநாள் துரு நல்ல பிள்ளையாக வந்து கேட்டார்: “நிர்வாகி சார், துப்பாக்கி வெக்கற இரும்புப் பெட்டிக்கு எந்தப் பூட்டு நல்லது?” இது பூட்டுத் தொடர்பான கேள்வி. எந்த விதியிலும் இடிக்கவில்லை. அதிலிருந்து அன்றைக்கு மட்டும் எண்பது பதிவுகள். ‘ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையா? பூட்டோடு தொடர்பு: பெட்டியில் வைப்பதால்.’

இன்று காலை பொறுமை போனது. எந்தப் பதிவும் தன் கையொப்பம் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று பூட்டிவிட்டார். அவசரத்தில் கை தவறி, அடுத்து வந்த துருவின் மிரட்டலை மட்டும் ஒப்புக்கொண்டுவிட, அது பலகையின் உச்சியில் நிலைத்துவிட்டது. இப்போது வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் காத்துக்கிடந்தன.

“தம்பி...”

“விட்டுக்குங்க ஐயா. ஆனா நகராதீங்க. திரும்ப எடுக்கணும்.”

வெளியே காத்திருப்போர் கூடத்தில் டிவி ஓடியது. அதில் செய்தி ஓட ஆரம்பித்தபோதே அவர் ரிமோட்டைப் பிடுங்கிச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றி, ரிமோட்டைத் தன் மேசை டிராயருக்குள் போட்டிருந்தார். நோயாளிகள் பத்துப் பேரும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ரத்தம் கொடுக்க வந்து, யாரோ கத்திரிக்காய் வதக்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

போன் ஒலித்தது. வரிசையில் இருநூற்றுப் பதின்மூன்றாவது. அஅஅ.

“கதவ உள்ளருந்து பூட்டணும். உள்பக்கம் திருகுற பிடி உடஞ்சு விழுந்துருச்சு. சின்ன சதுர ஓட்டை மட்டும் இருக்கு. எப்படி.”

வணக்கம் இல்லை. எந்தக் கம்பெனிப் பூட்டு என்று இல்லை. கேள்விக்குறிகூட இல்லை. எக்ஸ்ரேக்காரர் தயாராக வைத்திருந்த பதிலை அனுப்பினார்: ‘விதி இரண்டு: முறையான பெயர் வேண்டும். விதி மூன்று: கதவு எங்கே இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். விதி நான்கு: பூட்டின் தெளிவான படம் வேண்டும். நிராகரிக்கப்பட்டது.’

அரை நிமிடத்தில் வந்தது: “துணிக்கடை. பின்னாடி ஸ்டோர் ரூம்.” கூடவே ஒரு படம். முழுக்கக் கறுப்பு. தேடிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சாம்பல் கீற்று.

‘விதி நான்கு: படம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டது.’

“லைட் போட முடியாது. சீக்கிரம் சொல்லுங்க.”

எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னாலிருந்து நேராக ரத்தம் எடுக்கும் அக்காவின் மேசைக்கு வந்தார். அக்கா ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பாருங்கக்கா இத. சீக்கிரம் சொல்லணுமாம். நான் என்ன இவங்க வீட்டு வேலக்காரனா? ஒரு லைட்டப் போட்டுப் படம் எடுக்க வலிக்குது. கடை வெச்சிருக்காங்க, பூட்டுக்காரன் ஒருத்தனக் கூப்பிடத் துப்பில்ல. ஓசியில ஓடியாந்துர்றாங்க.”

“யாரு அது?”

“பேரே கிடையாது. அஅஅவாம். எனக்கென்னமோ இது துருவோட வேலையாத்தான் தெரியுது. கள்ளப் பேர்ல உள்ள வந்து, நான் விதிய மீறுறனான்னு ஆழம் பாக்கறான். பதில் சொல்லிட்டன்னு வைங்க, ‘புதுசா வந்தவனுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா’ன்னு பிடிச்சுக்குவான்.”

“கைய மடக்காதீங்கய்யா,” என்றாள் அக்கா நோயாளியிடம். பிறகு இவரிடம், “அது கேட்டதுக்குப் பதில் உனக்குத் தெரியாதா?”

“எனக்கா? தெரியாமலா?” தன்மானத்தில் கைவைத்தது போலிருந்தது அவருக்கு. “கத்தரிக்கோல் முனைய அந்தச் சதுர ஓட்டையில விட்டு, கால் சுத்து. பூட்டோட நாக்கு வெளிய வந்து நிலையில விழுந்துரும். பத்து விநாடி வேல.”

“எந்தப் பக்கம் சுத்தணும்?”

“மேல் நுனி கதவோட ஓரத்தப் பாத்துப் போகணும். அந்தப் பக்கம் போகலைன்னா எதிர்ப்பக்கம். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?”

“அப்ப சொல்லிட வேண்டியதுதான?”

“விதின்னு ஒண்ணு எதுக்குக்கா எழுதி வெச்சிருக்கு? இன்னிக்கு இவங்களுக்கு இருட்டுல படம்பாங்க, நாளைக்குப் படமே வேணாம்பாங்க. அப்புறம் நாங்க நடத்துறதுக்குப் பேரு குழுவா, சந்தையா?”

அவர் அங்கேயே நின்று, புதியவருக்கு நீளமாக எழுத ஆரம்பித்தார். பிறர் நேரத்தை மதிப்பது பற்றி. இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிலும் பொறுமை இல்லாதது பற்றி. பொறுமையின்மைதான் கடைசியில் துப்பாக்கியாக முடிகிறது என்ற வரி தானாக வந்து விழுந்தது. நல்ல வரி. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, நிராகரிப்போடு சேர்த்து அனுப்பினார்.

உடனே வந்தது பதில். “கத்தரிக்கோல் ஊசி ஹேங்கர் இருக்கு. எதாவது வெச்சு முடியுமா. ப்ளீஸ்.”

“தம்பீ,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “குளிருதுப்பா.”

“வர்றேன் ஐயா, வர்றேன்.” போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். “மூச்ச இழுங்க. பிடிங்க.”

இந்த முறை ஒழுங்காகப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முனகியது. பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டே, “நீங்க போனப்ப சொல்லாம ரெண்டு தடவ மூச்ச விட்டுட்டேன் தம்பி, தப்பில்லையே?” என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“நீ சொன்னதத்தான் எழுதினேன். கத்தரிக்கோல் முனைய விட்டு, மேல் நுனி கதவு ஓரத்தப் பாத்து, கால் சுத்து. இல்லன்னா எதிர்ப்பக்கம். ஆச்சுன்னா ஒரு வார்த்த போடும்மான்னும் போட்டேன். ஆனா போக மாட்டேங்குது. அது கேட்ட கேள்விக்கு மொதல்ல ஒப்புதல் குடு, ஒப்புதல் குடுன்னு கேக்குது. கீழ பச்சையா ஒரு பட்டன் இருந்துது, அத அழுத்திட்டேன்.”

“எது? எந்தப் பட்டன்?”

அது ‘அனைத்தையும் ஒப்புக்கொள்’ பட்டன். காலையில் போட்ட பூட்டும் அதோடு திறந்துகொண்டது.

இருநூற்றுச் சொச்சம் பதிவுகளும் அணை உடைந்த மாதிரி வெளியே வந்தன. இரும்புப் பெட்டிகள், அடிப்படை உரிமைகள், ‘நீயெல்லாம் ஒரு வாத்தியாரா’, ‘உன்னையெல்லாம் எவன் வெளியே விட்டான்’. எண்ணெய்ப்புட்டி ஒருவர் மட்டும் பதினேழு முறை எண்ணெய் விட்டிருந்தார். போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, ரத்தக் குழாய்கள் வைத்திருந்த தட்டில் போய் முட்டி நின்றது.

அதற்குள் நிர்வாகியின் பெயரிலேயே, படம் இல்லாமல், பெயர் இல்லாத ஆளுக்குப் பதில் போயிருப்பதைத் துரு கண்டுபிடித்துவிட்டார். “ஒம்பது வருஷமா விதி நாலு விதி நாலுன்னு எங்க உயிர வாங்கினாரு. பாத்தீங்களா லட்சணத்த? நான் கெளம்பறேன். ரோசம் உள்ளவன் பின்னாடி வாங்க.”

மணி மூன்று ஆகவில்லை. இரண்டு இருபதுதான். ஒரு நிமிடத்தில் நாற்பது பேர் விலகினார்கள். அடுத்த நிமிடத்தில் தொண்ணூறு. கொண்டியும் கிளம்பினார்: “துரு சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளும் முதல் விஷயம் இது.” ஒரு வாரமாக அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு வெளியேறின.

எக்ஸ்ரேக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

“ஒம்பது வருஷம்க்கா. ஒம்பது வருஷம் ஒவ்வொரு ஆளாப் பொறுக்கிச் சேத்தது. ஒரே நிமிஷத்துல காலி பண்ணிட்டீங்க. யாருக்காக? பேரு கூட ஒழுங்கா வெக்கத் தெரியாத ஒரு ஆளுக்காக.”

“கதவு பூட்டணும்னுதான தம்பி கேட்டுது? வேற என்ன கேட்டுது?”

“கேட்டாச் சொல்லிர்றதா? உலகத்துல அவனவன் சுட்டுத் தள்ளிக்கிட்டிருக்கான், இவங்களுக்குத் துணிக்கடைக் கதவு பெருசாப் போச்சு. அதுவும் இருட்டுல. படம் எடுக்கச் சொன்னா லைட் போட மாட்டாங்களாம். திமிருதான?”

சத்தம் கேட்டு டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “தடுப்புக்குள்ள போன் வரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இனிமே பாத்தேன்னா வாசல்லயே வாங்கி வெச்சுருவேன். அப்புறம், யாருப்பா அந்த டிவி ரிமோட்ட எடுத்தது? டவுன்ல ஏதோ கலாட்டாவாம், ரோட்டை மூடிட்டாங்களாம், என் டிரைவர் வர முடியலைங்கறான். செய்தி போடுங்க.”

“செய்தி எதுக்கு மேடம்? பாத்துட்டு அதுக்கும் நாலு பேர் அடிச்சுக்கவா?” என்றார் எக்ஸ்ரேக்காரர். ஆனாலும் டிராயரைத் திறந்தார்.

மேசையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. இன்னொரு ஆள் விலகியிருப்பான் என்று நினைத்து எடுத்தார். அஅஅ.

“என்ன, ஆச்சாமா?” என்று கேட்டாள் அக்கா.

அவர் போனை அவள் பக்கம் திருப்பினார். அக்கா எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தாள்:

“பூட்டியாச்சு. பதினோரு பேர் உள்ள இருக்கோம், ரெண்டு சின்னப் பிள்ளைங்க. சுடுற சத்தம் இப்ப எங்க மாடியில கேக்குது, லைட் போட்டா கதவுக்கடியில வெளிச்சம் தெரியும், அதான் படம் சரியா எடுக்க முடியல, மன்னிச்சுக்குங்க.”